வருவதாகச் சொல்லிவிட்டு வராத பையன்: சிறு கடை நடத்துபவர்களுக்கு

பெரிய நிறுவனத்தில் ஒருவர் வராவிட்டால் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவர் வராவிட்டால் கடையில் கால் பங்கு அன்று இல்லை. புதுக்கோட்டையில் பைப்பும் மின்சாரச் சாமானும் விற்கும் கடை எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பையன்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் முதல் வேலைக்கு வருகிறார்கள். பத்தொன்பது, இருபது வயது. ஐ.டி.ஐ. முடித்தவன் வருவான், கல்லூரியைப் பாதியில் விட்டவன் வருவான். முதல் வாரம் நன்றாக வருவார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் ஒன்பதரைக்கு வருவான். மூன்றாவது வாரம் போனை எடுக்க மாட்டான். மறுநாள் வந்து காய்ச்சல் என்பான்.

இந்த இடத்தில்தான் கடைக்காரர்களில் பாதிப் பேர் “இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்” என்று அவனை அனுப்பிவிடுகிறார்கள். மறு பாதிப் பேர் வேறு ஆள் கிடைக்க மாட்டான் என்று பயந்து, மாதக்கணக்கில் எரிச்சலோடு அவனைச் சகித்துக்கொள்கிறார்கள். இரண்டாலும் நஷ்டம்தான். அவனை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அவன் ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்ய ஒரு வழி செய்துகொடுத்து, அதற்கு ஒரு கெடு வைத்து, கெடு முடிந்த நாளில் முடிவெடுக்க வேண்டும். கீழே நான் எழுதுவது எல்லாம் இதைப் பற்றித்தான்.

முதலில் நேரம் ஏன் முக்கியம் என்று அவனுக்குத் தெரியுமா?

நமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் கடையில் காலை எட்டரை முதல் பத்து மணி வரைதான் உயிரான நேரம். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கொத்தனார் எல்லோரும் அன்றைய வேலைக்கான சாமானை அப்போதுதான் வாங்கிக்கொண்டு சைட்டுக்குப் போவார்கள். ஐந்து நிமிடம் காத்திருக்க வைத்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு முறை போனவர் அந்த வீட்டு வேலை முடியும் வரை அங்கேயே வாங்குவார். பதினொன்றரைக்குக் கடை வெறிச்சோடிக் கிடக்கும்.

புதுப் பையன் பார்ப்பது அந்தப் பதினொன்றரை மணிக் கடையைத்தான். “அரை மணி நேரம் தாமதமானால் என்ன, சும்மாதானே நிற்கிறோம்” என்று அவனுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, காலை பத்து மணிக்குள் போட்டிருக்கும் பில்களையும் அதன் பிறகு மாலை வரை போட்ட பில்களையும் காட்டுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு வியாபாரம் என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். நம்பிக்கை பற்றியும் ஒழுக்கம் பற்றியும் பேசும் பேச்சு அவன் காதில் விழாது. பில் கட்டு விழும்.

நேரத்தையும் நியாயமாக வையுங்கள். எட்டரைக்கு வரச் சொல்லிவிட்டு இரவு ஒன்பது வரை நிறுத்தி வைத்தால் எந்தப் பையனும் காலையில் தாமதமாகத்தான் வருவான். கடைகளுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. எங்கள் கடையில் இரண்டு பேர் எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போகிறார்கள், இரண்டு பேர் பதினொன்றுக்கு வந்து எட்டுக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. இந்த ஏற்பாடு வந்த பிறகு தாமதம் பற்றிய பேச்சே பாதியாகக் குறைந்தது. 2021இல் அதே சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. கூட்டம் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லும் கடையில் இளைஞர்கள் தங்க மாட்டார்கள். நான்கு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. அவன் வராத நாட்களையும் தாமதமான நாட்களையும் ஒரு நோட்டில் குறியுங்கள். தேதி, கிழமை, வந்த நேரம், அவன் சொன்ன காரணம். இவ்வளவு போதும். ஒரு மாதம் ஆனதும் அந்த நோட்டைத் தினசரி நாள்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் வாயால் சொல்லாததை நோட்டு சொல்லும்.

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மாதத்தில் நான்கைந்து நாள் காணாமல் போவான். ஒரு முறை பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பான், இன்னொரு முறை வண்டி பஞ்சர் என்பான். நாள்காட்டியில் பார்த்தால் அத்தனையும் முகூர்த்த நாட்கள். கேட்டரிங் ஆட்களோடு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய்க்கொண்டிருந்தான். காலையும் மதியமும் பரிமாறினால் அன்றைக்கே கையில் காசு. எங்கள் கடையில் அவன் சம்பளம் வர மாதம் முடிய வேண்டும். கைச்செலவுக்கு நடுவில் அவனுக்கு வேறு வழி இல்லை. சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாம்பார் வாளி தூக்குகிறவன் சோம்பேறி கிடையாது.

அவனுக்கு முதல் இரண்டு மாதம் சம்பளத்தை வாரச் சம்பளமாக மாற்றினோம், சனிக்கிழமை மாலை. முகூர்த்த நாளில் வராமல் இருந்தால் அந்த வாரமே பணம் குறைவது அவனுக்குத் தெரிந்தது. பெரிய முகூர்த்தங்களில் மாதம் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லி விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டோம். அதற்குப் பிறகு பாட்டிக்கு உடம்பு கெடவில்லை.

வாரச் சம்பளம் என்பதை எல்லாச் சிறு கடைகளுக்கும் சொல்வேன். தினக்கூலி வாங்கிப் பழகிய வீட்டிலிருந்து வரும் பையனுக்கு முப்பது நாள் காத்திருப்பது புதிது. மாதச் சம்பளம்தான் என்றால் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். நாம் ஏழாம் தேதியைத் தாண்டி “பார்ட்டி பணம் வரட்டும்” என்று இழுத்துக்கொண்டு, அவன் எட்டரைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சொன்ன நேரம் என்பது இரண்டு பக்கமும் உள்ளது.

நோட்டில் தெரியும் வேறு சில கோலங்களையும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மட்டும் தாமதம் என்றால் ஞாயிறு இரவு எங்கே போகிறான் என்று யோசிக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி இருபது நிமிடம் தாமதம் என்றால் அது பஸ். கிராமத்துக்கு வரும் டவுன் பஸ்ஸில் ஒன்றை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வரும் ஊர்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அவன் பஸ் எத்தனை மணிக்குப் பழைய பஸ் நிலையத்தில் அல்லது புதிய பஸ் நிலையத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். எட்டு நாற்பதுக்குத்தான் வருகிறது என்றால் அவனை எட்டரைக்கு வரச் சொல்வதில் பொருள் இல்லை. பதினொரு மணி முறைக்கு மாற்றுங்கள், அல்லது எட்டே முக்கால் என்று வைத்து, அதைக் கறாராகப் பிடியுங்கள்.

ஜனவரி முதல் மே வரை வராமல் போனால் எங்கள் மாவட்டத்தில் காரணம் கேட்கவே வேண்டியதில்லை. தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறந்துவிட்டால் பையன்களின் மனம் கடையில் நிற்காது. சிலர் வீட்டில் மாடு வளர்க்கிறார்கள். மாட்டை அவிழ்க்கிற அன்று அவன் அங்கே இருந்தே ஆக வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பற்று எனக்குப் பிடித்த ஒன்று. ஆனால் கடையும் நடக்க வேண்டும். எனவே பொங்கலுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுகிறோம்: அந்த ஐந்து மாதத்தில் ஜல்லிக்கட்டுக்கு இத்தனை நாள், ஒரே நாளில் இரண்டு பேர் போக முடியாது, டோக்கன் கிடைத்த உடனே சொல்ல வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கும் இதே மாதிரிதான். காப்புக் கட்டியவனைக் கடையில் பிடித்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறவனை நம்பலாம். சொல்லாமல் போகிறவனோடுதான் நமக்குப் பேச்சு.

பயத்தால் வராதவன்

நோட்டில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை, ஆனால் வருகை குறைந்துகொண்டே போகிறது என்றால் பெரும்பாலும் அவன் பயந்திருக்கிறான். இதைக் கடைக்காரர்கள் கவனிப்பதே இல்லை. எங்கள் தொழிலில் பொருட்களின் பெயரே ஒரு தனி மொழி. பிளம்பர் வந்து “தம்பி, முக்கால் எம்.டி.ஏ. நாலு, ஒண்ணுக்கு முக்கால் ரெடியூசர் ரெண்டு, அரை எல்போ பத்து” என்று ஒரே மூச்சில் சொல்வார். பையன் வெளிப்பக்கம் மரை உள்ள எம்.டி.ஏ.வுக்குப் பதில் உள்பக்கம் மரை உள்ள எஃப்.டி.ஏ.வை எடுத்து வருவான். பிளம்பர் எல்லோர் முன்னிலும் திட்டுவார். பைப்பில் 25 என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும், கேட்பவர் முக்கால் இஞ்ச் என்பார். 32 என்பது ஒரு இஞ்ச், 40 என்பது ஒன்றே கால், 50 ஒன்றரை, 63 இரண்டு இஞ்ச். எங்களுக்கு இது மூச்சு விடுவது போல. அவனுக்கு இது தினமும் தோற்கும் தேர்வு. நான்கு முறை திட்டு வாங்கியவன் ஐந்தாவது நாள் காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். அப்புறம் காய்ச்சல் என்பான்.

இதற்கு மருந்து மிகவும் எளிது. ஒரு பிளைவுட் பலகையில், பைப்பை இணைக்கும் ஒவ்வொரு வகை ஃபிட்டிங்கிலும் ஒன்றைக் கம்பியால் கட்டி, கீழே பெயரையும், மில்லிமீட்டர், இஞ்ச் இரண்டு அளவையும் தமிழில் எழுதி, வாடிக்கையாளருக்குத் தெரியாத பக்கம் மாட்டி வையுங்கள். மின்சாரச் சாமானுக்கும் ஒன்று: ஒன்று, ஒன்றரை, இரண்டரை, நான்கு சதுர மில்லிமீட்டர் என்ற வயர் அளவுகள், எது விளக்குக்கு, எது பிளக்குக்கு, எது ஏ.சி.க்கு, ஒரு சுருள் வயர் 90 மீட்டர், பச்சை வயர் எர்த்துக்கு மட்டும். நாளுக்கு ஐந்து பொருள், அதற்கு மேல் வேண்டாம். மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி அளவு சொல்லப் பழக்குங்கள். இளைஞர்களுக்கு இது விளையாட்டாகப் பிடித்துப்போகும். மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக் கடை எதுவானாலும் உங்கள் தொழிலில் புதியவன் திணறும் பத்துப் பெயர்கள் இருக்கும். அவற்றை முதலில் கண்டுபிடியுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு: கடையில் மூத்தவரைப் பற்றிய பயம். பதினைந்து, இருபது ஆண்டு வேலை பார்த்தவர் நமக்குக் கைகால் போல. அவர் நம்மிடம் ஒரு முகமும் புதுப் பையனிடம் வேறு முகமும் காட்டுவதை நாம் பார்ப்பதில்லை. டீ வாங்கி வா, வெற்றிலை வாங்கி வா, என் வண்டியைத் துடை என்று ஏவிக்கொண்டிருப்பார். தவறு நடந்தால் பையன் தலையில் போடுவார். அடுத்தடுத்து வந்த பையன்கள் இரண்டு மாதத்துக்குள் நின்றுபோனால், குறை பையன்களிடம் இருக்க வாய்ப்புக் குறைவு. மூத்தவரைத் தனியாக அழைத்து, “இவனை மூன்று மாதத்தில் தயார் செய்வது உங்கள் பொறுப்பு, அவன் நின்றால் உங்களிடம்தான் கேட்பேன்” என்று மரியாதையோடு சொல்லுங்கள். கற்றுக்கொடுத்ததற்குத் தீபாவளியின்போது போனஸோடு தனியாக ஏதாவது செய்யுங்கள். அவர் அறிவுக்கு விலை உண்டு என்று தெரிந்தால் மறைத்து வைக்க மாட்டார்.

பேசும் முறை

கோபம் வந்த அன்று பேசாதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒருபோதும் பேசாதீர்கள். மறுநாள் காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பத்தரை மணி வாக்கில், இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு பேசுங்கள். அவனை நிற்க வைத்துவிட்டு நாம் உட்கார்ந்திருந்தால் அது விசாரணை. அவன் வாயைத் திறக்க மாட்டான்.

நான் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தம்பி, செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அன்று காலை இரண்டு பிளம்பர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன நடந்தது?”

“காய்ச்சல் அக்கா.”

“சரி. காய்ச்சல் என்றால் எட்டு மணிக்குள் ஒரு போன் போட முடியுமா, முடியாதா?”

“முடியும் அக்கா.”

“அதுதான் எனக்கு வேண்டும். வர முடியவில்லை என்றால் எட்டு மணிக்குள் நீயே போன் செய்ய வேண்டும், அண்ணனையோ நண்பனையோ செய்யச் சொல்லக் கூடாது. இன்னும் ஏதாவது இருக்கிறதா, வேலையில் கஷ்டமாக?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அரை நிமிடம் மௌனமாக இருந்தாலும் நீங்கள் பேசாதீர்கள். உண்மையான காரணம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். காய்ச்சல் பொய் என்று தெரிந்தாலும் அதைப் பிடித்து இழுத்து வாதாட வேண்டாம். பொய்யை நிரூபித்து நமக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. எட்டு மணி போன் வந்தால் போதும்.

அவன் அப்பாவுக்கோ மாமாவுக்கோ போன் போட்டுப் புகார் செய்யும் வழக்கம் நம் ஊரில் அதிகம். நான் அதைச் செய்வதில்லை. பதினெட்டு வயது முடிந்தவனை வேலைக்கு வைத்திருக்கிறோம். அவனிடம் பேச வேண்டியதை அவனிடமே பேச வேண்டும். வீட்டில் அடி வாங்கிவிட்டு வருகிறவன் நம்மிடம் இன்னும் நன்றாக மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். இரண்டு நாள் தொடர்ந்து ஆளே இல்லை, போனும் அணைந்திருக்கிறது என்றால் மட்டும் வீட்டுக்குப் போன் போட்டு, அவன் நலமா என்று கேட்கலாம். சொந்தக்காரர் சொல்லிச் சேர்த்த பையனாக இருந்தால் சேர்க்கும்போதே அந்தச் சொந்தக்காரரிடம் “இனி இவன் விஷயத்தை இவனிடமே பேசிக்கொள்வேன்” என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஒப்புக்கொண்டதை நோட்டில் இரண்டு வரி எழுதி அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். கெடு மூன்று வாரம். அதற்குள் என்ன மாற வேண்டும் என்பது எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். “பொறுப்பாக இரு” என்பதை எண்ண முடியாது. “எட்டரைக்குள் வர வேண்டும், வராவிட்டால் எட்டுக்குள் போன்” என்பதை எண்ணலாம்.

அபராதம் வேண்டாம்

அரை மணி நேரத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கும் கடைகள் இருக்கின்றன. அது சட்டப்படி செல்லாது. வராத நேரத்துக்கு எவ்வளவோ அந்த அளவுதான் பிடிக்கலாம். அபராதத்துக்கும் வரம்பு இருக்கிறது: அந்த வாரத்துக்கோ மாதத்துக்கோ உரிய சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் அவன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உடைந்த சாமானுக்குப் பணம் பிடிப்பதும் அப்படித்தான். அவன் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், அவன் கவனக்குறைவால் போனது என்று தெளிவாக இருந்தால்தான் பிடிக்க முடியும்.

சட்டத்தை விடுங்கள், பலனையே பார்ப்போம். பணம் பிடித்ததும் பையன் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைப்பான். தாமதத்துக்கு விலை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடும். வெட்கம் போய்விடும். எனக்கு அந்த வெட்கம் வேண்டும். அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வதும் இதே மாதிரி கெட்ட பழக்கம். வயது பார்க்கப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. எங்கள் கடையில் பைப் அறுக்கும் இயந்திரம் இருப்பதால் பதினெட்டு நிறையாதவர்களை நான் சேர்ப்பதே இல்லை.

அவன் பெயரில் ஒரு ரேக்

புதுப் பையனுக்கு நாம் கொடுக்கும் வேலை என்ன? “அதை எடு, இதை எடு, அங்கே போ.” அவன் வராவிட்டால் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். தான் இல்லாவிட்டாலும் கடை நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஏன் வர வேண்டும்?

ஒரு வேலையை முழுதாக அவன் கையில் கொடுங்கள். எங்கள் கடையில் அது சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஃபிட்டிங் ரேக். அதன் மேல் அவன் பெயரை எழுதி ஒட்டுவோம். எந்தப் பெட்டியில் எத்தனை இருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எதை ஆர்டர் போட வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் எண்ணி எழுதித் தர வேண்டியவன் அவன்தான். அவன் எழுதிக் கொடுத்தபடி ஆர்டர் போடுவேன். முக்கால் எல்போவை எழுத மறந்தால் அடுத்த வாரம் முக்கால் எல்போ இருக்காது, கேட்டு வருபவருக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். நான் நடுவில் புகுந்து காப்பாற்ற மாட்டேன். முன்னூறு, நானூறு ரூபாய் வியாபாரம் போகலாம். போகட்டும்.

இதனால் வரும் மாற்றத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பிளம்பர்கள் உள்ளே வரும்போதே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். அவன் இல்லாத நாளில் “எங்கே தம்பி?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவன் காதுக்குப் போய்ச் சேரும்படி நான் பார்த்துக்கொள்வேன். தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்த பையன் காலையில் எழுந்து வருகிறான்.

ரேக்கை ஒழுங்காக வைத்திருக்கிறான் என்றால் அடுத்தது பில் புத்தகம். அதற்குப் பிறகு வசூல். கல்லாச் சாவியும் கடைச் சாவியும் ஓராண்டுக்குப் பிறகுதான். வண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க அனுப்பும் முன் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பாருங்கள். “ஓட்டுவேன் அக்கா” என்பது போதாது. விபத்து நடந்தால் பொறுப்பு கடைக்கும் வரும், அதைவிட ஒரு பிள்ளையின் உயிர்.

கைபேசி பற்றிச் சுருக்கமாக. பிடுங்கி வைக்காதீர்கள், எட்டரை முதல் பத்து வரை எல்லோருடைய போனும், என்னுடையதும் சேர்த்து, ஒரு தட்டில் இருக்கும். கடைப் போனுக்கு வீட்டிலிருந்து அழைக்கலாம். மற்ற நேரத்தில் கூட்டம் இல்லாதபோது பார்த்துக்கொள்ளட்டும். கட்டுப்பாடு முதலாளிக்கும் உண்டு என்றால் பையன்கள் முணுமுணுப்பதில்லை.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது

திருட்டு, குடித்துவிட்டு வேலைக்கு வருவது, கடையில் உள்ள பெண்ணிடமோ வாடிக்கையாளரிடமோ தவறாக நடப்பது: இவற்றுக்குக் கெடு எல்லாம் கிடையாது. ஆனால் திருட்டு என்று சொல்லும் முன் ஆதாரம் இருக்க வேண்டும். கல்லாவில் இருநூறு ரூபாய் குறைந்தால் முதலில் கியூ.ஆர். வழியாக வந்த பணத்தையும் சில்லறைக் கடன் நோட்டையும் சரிபாருங்கள். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. அவன் ஊரில் அந்தப் பெயரோடு வாழ வேண்டியிருக்கும்.

மற்றதற்கெல்லாம் மூன்று வாரக் கெடு முடிந்ததும் நோட்டைத் திறந்து இரண்டு பேரும் பாருங்கள். முன்பு மாதம் ஆறு முறை, இப்போது ஒரு முறை, அதுவும் போன் செய்துவிட்டு என்றால் அவன் தேறுகிறான். கெடுவை நீட்டுங்கள், நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் இரண்டாவது கெடு கொடுக்காதீர்கள். அதில் கடைக்கும் பயனில்லை, நேரத்துக்கு வரும் மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தினமும் சலுகை என்றால் அவர்கள்தான் முதலில் மனம் வெறுத்துப் போவார்கள். நல்ல ஆளை இழப்பது பெரிய நஷ்டம்.

சேர்க்கும்போதே “முதல் மூன்று மாதம் இரண்டு பேருக்கும் பழகும் காலம்” என்று சொல்லி, எழுதியும் வையுங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். விசாரித்து நிரூபித்த ஒழுங்கீனம் என்றால்தான் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆகவே ஆறு மாதம் வரை முடிவைத் தள்ளிப்போடுவது யாருக்கும் நல்லதில்லை. மூன்றாவது மாத முடிவில் தெரிந்துவிட வேண்டும்.

அனுப்பும் நாளில் பாக்கிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். “பிறகு வந்து வாங்கிக்கொள்” என்று அலைய விடாதீர்கள். இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், அதுவும் நோட்டில் உள்ளதை மட்டும். அவனுக்கு எது நன்றாக வந்ததோ அதையும் சொல்லுங்கள். கணக்கில் கெட்டியாக இருப்பான், பேச்சில் இனிமையாக இருப்பான், ஆனால் காலை வேலை ஒத்துவராது என்ற பையன்கள் உண்டு. அப்படிப்பட்டவனை மாலைக் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சிலர் ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்து வேலை கேட்பார்கள். திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டு வந்திருப்பார்கள். முகமே மாறியிருக்கும். இடம் இருந்தால் நான் சேர்த்துக்கொள்கிறேன். அப்போதும் முதல் மூன்று மாதம் பழகும் காலம்தான், வாரச் சம்பளம்தான், ரேக்கிலிருந்துதான் தொடக்கம். பழைய நோட்டை எடுத்து அவன் முன்னால் விரிப்பதில்லை. புதிய நோட்டில் புதிய பக்கத்தில் அவன் வந்த நேரத்தை எழுதுகிறேன்.